ஒரு கிழமைக்கு மட்டும்

களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரி, மூன்றாம் இலக்க யன்னல்.
கம்பிக்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் இன்பவதி.
அந்தப் பேரைக் கூப்பிடும்போதெல்லாம்
என் குரல் கொஞ்சம் தாழ்ந்துவிடும்.

துண்டில் டொக்டரின் கோழிக் கிறுக்கல்:
அமிற்றிப்டிலின், இரவில் இரண்டு.
கீழே சிவப்புக் கோடு: ஒரு கிழமைக்கு மட்டும்.

"ஒரு மாசத்துக்குத் தாங்களன் மிஸ்.
மண்டூரில இருந்து பாதை ஏறி, பஸ் ஏறி வாறன்.
ஒரு நாள் கூலி போகுது."
கையிருப்பு இல்லை என்றேன்.
எனக்குப் பின்னால் அலுமாரியில்
ஆயிரம் குளிசைப் போத்தல் மூன்று,
முத்திரை உடையாமல்.

வேறென்ன சொல்ல?
அளவுக்குள் இது உறக்கம்.
அளவு தாண்டினால்
நெஞ்சுக்குள் ஓடும் மின்சாரம் தடுமாறும் என்று
அவளுக்கு நானே வழி காட்டவா?

படிக்கிற காலத்தில் இதைக் கொப்பியில் வரைந்து
பத்துக்கு ஆறு வாங்கினவள் நான்.
இரு ஓரமும் அறுகோணம்,
நடுவில் ஏழு மூலை வளையம்.
ஓரத்து இரண்டும் தட்டையாய்க் கிடக்கும்,
நடு வளையம் மடியும்.
நான் அதையும் தட்டையாய் வரைந்தேன்.
பிறகொரு நாள் குருமண்வெளித் துறையில்
காத்து நின்றபோதுதான் விளங்கியது:
இரண்டு தோணி, இடையே பலகை,
ஆள் ஏற ஏற நடுவில் தாழ்கிற பாதை.
அதற்கொரு வால், மூன்று காபன் நீளம்,
நுனியில் நைதரசன்,
அதன் இரு தோளிலும் ஒவ்வொரு மெதைல்.
ஈரல் ஒன்றைக் கழற்றி எடுத்துவிடும்.
கழன்ற பிறகும் அது மருந்துதான்,
பேர்தான் மாறும்.

நரம்புக்கும் நரம்புக்கும் நடுவே
கண்ணுக்குத் தெரியாத ஒரு வாய்க்கால்.
அங்கே சேதி கொட்டிய மறுகணமே
மிச்சத்தை வாரிக்கொண்டு திரும்பும் ஒரு கை,
மழை இருட்டினதும் சாக்கைச் சுருட்டும்
சந்தைக்காரி மாதிரி.
இந்தக் குளிசை அவள் சாக்கில் ஏறிக் குந்திக்கொள்ளும்.
கொஞ்சம் பொறு, ஆக்கள் வருவாங்க.

ஆக்கள் வர மூன்று கிழமையாவது ஆகும்.
வாய் மட்டும் முதல் நாளே வறளும்.

வரிசையில் அவளுக்குப் பின்னால் நிற்கும்
வெல்லாவெளி லொறிக்காரருக்கும் இதே குளிசை,
சீனி வருத்தத்தில் எரிகிற பாதத்துக்கு.
"விசர்க் குளிசையாமே, பொஞ்சாதி சொல்றா" என்றார்.
இன்பவதி திரும்பிப் பார்க்கவில்லை.
முந்தானையைக் கழுத்தோடு இழுத்துக்கொண்டாள்.

ஐந்தாம் கிழமை கேட்டாள்:
"அழுகை வருகுதில்ல மிஸ்.
கண் எரியுது, தண்ணி வருகுதில்ல.
சுகமாகிட்டா, காய்ஞ்சிட்டா?"

இரண்டும் இதன் வேலைதான்.
எது முந்தியது என்று
என்னிடம் இருக்கும் எந்தப் புத்தகத்திலும் வரியில்லை.
தண்ணி நிறையக் குடிங்க என்றேன்.

மார்கழி வெள்ளத்தில் பாதை ஓடவில்லை.
அந்த வியாழன் யன்னலை மூடப் பிந்தினேன்.
லொறிக்காரர் வந்தார், டீச்சர் வந்தா,
நாய் ஒன்று வராந்தாவில் ஏறி உதறிக்கொண்டது.

அடுத்த வியாழன்
நனைந்த பையிலிருந்து ஒரு பால்மா ரின்.
மூடியைத் திறந்து கம்பிக்குள்ளால் தள்ளினாள்.
"இரண்டுல ஒண்டுதான் போட்டன் மிஸ்.
மத்தது இதுக்குள்ள.
இனி வீட்டில வைக்க ஏலாது, எடுத்திருங்க."

எண்ணினேன்.
மூன்று தரம் எண்ணினேன்,
மூன்று தரமும் வேறு வேறு தொகை.
பதினெட்டு வருசம் குளிசை எண்ணிய கை.

பேரேட்டில் வந்தவை, கொடுத்தவை,
காலாவதியானவை, உடைந்தவை.
திரும்பி வந்தவை என்று ஒரு நிரல் இல்லை.
உடைந்தவை என்பதில் எழுதி
ஒப்பம் வைத்தேன்.

"இண்டைக்குக் கையிருப்பு இரிக்கா?"
அவள் கண் என்னைத் தாண்டி
அலுமாரியில் நின்றது.
உதடு ஒட்டிக்கொண்டதால்
சிரிப்பு பாதியில் நின்றது.

"இரிக்கு," என்றேன், "ஒரு கிழமைக்கு."
பதினாலு குளிசை, ஒரு கடதாசி உறை.
கடைசிப் பாதைக்கு
இன்னும் நேரமிருந்தது.